ஊர் மக்களே கூட்டுறவாகச் சேர்ந்து ஃபைபர் இணையம் கொண்டுவருவது: எதில் தொடங்குவது?

மேட்டுக்காடு கேட்டது:

வணக்கம். மூன்று குடியிருப்புகள், மொத்தம் 340 வீடுகள். வீடுகள் தள்ளித்தள்ளி இருப்பதால் கட்டுப்படியாகாது என்று இணைய நிறுவனங்கள் ஃபைபர் இழுக்க மறுக்கின்றன. செல்பேசி இணையம் மாலையானால் நகர்வதே இல்லை. அதனால் நாங்களே உறுப்பினர்களாகச் சேர்ந்து ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைத்து, வலையமைப்பைச் சொந்தமாகக் கட்டி நடத்தலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம்.

கையில் இருக்கும் விவரம் இவ்வளவுதான். இணைய இணைப்பை மொத்தமாக வாங்கக்கூடிய மிக அருகான இடம் 12 கி.மீ. தொலைவில். எல்லா வீடுகளையும் தொட உள்ளூர் வழித்தடம் 26 கி.மீ. வரும். நடுக் குடியிருப்பில் பொதுக் கட்டடம் ஒன்று உண்டு. அங்கிருந்து கடைசி வீடு 9 கி.மீ. வழியில் பாதி தனியார் வயல், பாதி சாலையோரம்.

ஆள் இருக்கிறது, பள்ளம் வெட்டத் தொடங்கிவிடலாம் என்று ஒரு சாரார். எத்தனை வீடு சேர்ந்தால் சங்கம் நிற்கும், என்ன கருவி வாங்குவது, அந்த 12 கி.மீ.க்கு ஃபைபரா வயர்லெஸ்ஸா, இதெல்லாம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஐந்தொகை பதில்:

பள்ளம் வெட்டுவதை நிறுத்தி வையுங்கள். முதலில் எத்தனை வீடு கையெழுத்துப் போடும் என்று தெரிய வேண்டும். ஏன் என்று உங்கள் எண்களிலேயே பார்த்துவிடலாம்.

உள்ளூர் 26, வெளியிணைப்பு 12, ஆக 38 கி.மீ. 340 வீடும் சேர்ந்தால் ஒரு வீட்டின் தலையில் 112 மீட்டர் விழும். 200 சேர்ந்தால் 190 மீட்டர். 120தான் என்றால் 317 மீட்டர். பள்ளம் வெட்டும் செலவு வீட்டுக் கணக்கில் குறையாது, மீட்டர் கணக்கில்தான் ஓடும். ஆக, சேரும் வீடுகள் 200லிருந்து 120க்கு இறங்கினால் ஒவ்வொருவர் சுமையும் ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்காகிறது. இந்த வகைச் சங்கங்கள் நொடித்துப்போக இதுவும் ஒரு காரணம். கூட்டத்தில் கைதூக்கியவர்களை எண்ணிக் கடன் வாங்கிவிடுவார்கள். இணைப்பு கொடுக்கப் போகும்போது பாதிப் பேர் "அப்புறம் பார்க்கலாம்" என்பார்கள்.

அதனால் கைதூக்கலை எண்ணாதீர்கள். திருப்பித்தரக்கூடிய ஒரு முன்பணத்தோடு கையெழுத்திட்ட படிவத்தை மட்டும் எண்ணுங்கள். அந்தப் பணம் தனிக் கணக்கில் இருக்கட்டும். குறித்த எண்ணிக்கையை எட்டாவிட்டால் அவரவருக்குத் திரும்பும் என்று படிவத்திலேயே எழுதுங்கள். குடியிருப்பு வாரியாகத் தனித்தனி இலக்கு வையுங்கள். எந்தக் குடியிருப்பு முதலில் எட்டுகிறதோ அங்கே முதலில் வேலை. அப்போது ஊர்க்காரர்களே பக்கத்து வீட்டாரைக் கூட்டிவருவார்கள்.

முதலீட்டில் ஒரு பகுதி உறுப்பினர் பங்கு, ஒரு பகுதி கடன், கிடைத்தால் மானியம். கடன் தவணையை எதிர்பார்க்கும் எண்ணிக்கையில் மூன்றில் இரண்டு பங்கு வீடுகளே கட்டி முடிக்கும்படி அமைத்துக்கொள்ளுங்கள். 200 எதிர்பார்த்தால் 133 வீட்டுச் சந்தாவில் தவணை, வெளியிணைப்பு வாடகை, மின்சாரம், பழுது எல்லாம் அடங்க வேண்டும். அடங்கவில்லையா, வழித்தடத்தைச் சுருக்குங்கள். மானியத்தை நம்பி இறங்குகிறவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள்: பல மானியங்கள் வேலை முடிந்து கணக்குக் காட்டிய பிறகே வரும். அந்த இடைவெளிக்குக் கைமாற்றுப் பணம் இல்லாமல் கேபிள் பாதியில் நின்றுவிடும்.

துணைவிதிகளில் நான்கு விஷயங்களில் கறாராக இருங்கள். பங்கு எத்தனை வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரு வாக்கு. பங்குப் பணத்தை ஒரே ஆண்டில் எல்லோரும் திரும்பக் கேட்க முடியாதபடி உச்சவரம்பு. நீங்கள் போட்ட பணம் மண்ணுக்கடியில் கேபிளாகக் கிடக்கும், தோண்டி எடுத்துத் தர முடியாது. வலையமைப்பை விற்க வேண்டுமானால் சாதாரணப் பெரும்பான்மை போதாது; விற்றாலும் வரும் பணத்தை உறுப்பினர்கள் பிரித்துக்கொள்ளக் கூடாது. நான்காவது, ஒப்பந்த வேலை எடுப்பவரோ அவர் உறவினரோ நிர்வாகக் குழுவில் இருந்தால் அந்த முடிவில் வாக்களிக்க முடியாது. மூன்றாவது விதி தேவையில்லாததுபோல் தோன்றும். சந்தா நன்றாக வரத் தொடங்கியதும் பெரிய நிறுவனம் விலை பேச வரும்போதுதான் அதன் அருமை தெரியும்.

வழியுரிமை பற்றி. வயல்காரரிடம் வாய்ச்சொல் வேண்டாம். எந்த ஓரமாக, எவ்வளவு ஆழத்தில், எத்தனை மீட்டர் அகலத்தில், பழுது பார்க்க எத்தனை நாள் முன்னறிவிப்போடு உள்ளே வரலாம், பயிர் சேதமானால் என்ன ஈடு, இவ்வளவும் ஒரு தாளில் வர வேண்டும். நிலம் கைமாறினாலும் ஒப்பந்தம் செல்லும் என்ற வரி முக்கியம். இங்கிலாந்தின் லங்காஷயரில் 2011இல் தொடங்கிய பி4ஆர்என் என்ற சமூகநலச் சங்கம் தாக்குப்பிடித்ததற்கு வயல் வழி கிடைத்தது ஒரு பெரிய காரணம்: நில உரிமையாளர்கள் வழியை இலவசமாகத் தந்தார்கள், ஊர்க்காரர்கள் தாங்களே பள்ளம் வெட்டினார்கள், ஒவ்வொரு வீட்டுக்கும் பதிவிறக்கம், பதிவேற்றம் என இருபுறமும் 1 ஜிகாபிட் ஃபைபர் இணையம். அதே கேபிள் சாலையோரமாகப் போயிருந்தால் அனுமதிக்கும் தார் வெட்டி மூடுவதற்குமே பணம் கரைந்திருக்கும்.

இணையச் சேவை தர உங்கள் நாட்டில் என்ன உரிமம் அல்லது பதிவு தேவை என்பதை ஒரு வழக்கறிஞரிடம் முதல் மாதமே கேட்டுவிடுங்கள். சாலை, ரயில் பாதை, ஆறு கடக்க வேண்டியிருந்தால் ஒவ்வொன்றுக்கும் தனி அனுமதி, பெரும்பாலும் அதுவே எல்லாவற்றிலும் தாமதமாக வரும்.

ஒளியிழை பதில்:

ஐந்தொகை சொன்ன வரிசையே சரி. கருவிப் பக்கம் நான் சொல்கிறேன்.

உங்கள் தூரத்துக்கு ஜிபான் (ஒரே இழையைப் பல வீடுகள் பகிரும் ஃபைபர் முறை) தாராளமாகப் போதும். பொதுக் கட்டடத்தில் ஓஎல்டி என்ற மையக் கருவி, வழியில் ஒரு இழையின் ஒளியைப் பல இழைகளுக்குப் பிரிக்கும் ஸ்பிளிட்டர், வீட்டில் ஓஎன்டி என்ற சிறு பெட்டி. நடுவில் மின்சாரம் தேவைப்படும் கருவி ஒன்றுகூடக் கிடையாது என்பதுதான் கிராமத்துக்கு இதன் பெரிய வசதி. ஓஎல்டியில் இழை சொருகும் ஒரு போர்ட்டில் கீழ்நோக்கி 2.5 ஜிகாபிட், மேல்நோக்கி 1.25 ஜிகாபிட். அதை 32 வீடு பகிர்ந்தால், அத்தனை பேரும் ஒரே நொடியில் முழுசாக இழுத்தாலும் ஆளுக்குச் சுமார் 78 மெகாபிட் கிடைக்கும். 340 வீட்டுக்கு 11 போர்ட். 16 போர்ட் ஓஎல்டி ஒன்று வாங்கினால் வளர இடம் இருக்கும். பிறகு எக்ஸ்ஜிஎஸ்-பானுக்கு, அதாவது இருபுறமும் 10 ஜிகாபிட்டுக்கு, மாற நினைத்தால் அதே இழையில் வேறு அலைநீளத்தில் இரண்டும் சேர்ந்தே ஓடும்; கேபிளைத் தொட வேண்டியதில்லை.

ஒளி இழப்புக் கணக்கைக் காகிதத்தில் போடாமல் ஒரு மீட்டர்கூட இழுக்காதீர்கள். கடைசி வீட்டுக்குப் போடுவோம். 9 கி.மீ. இழை, 1310 நானோமீட்டர் அலைநீள ஒளிக்குக் கி.மீ.க்கு 0.35 டெசிபல் (இழப்பை அளக்கும் அலகு) வைத்து 3.15. ஸ்பிளிட்டர் இரண்டு படியாக, 1:4க்கு 7.2, 1:8க்கு 10.5, ஆக 17.7. பத்து ஸ்பிளைஸ் (இழை ஒட்டு), ஒவ்வொன்றும் 0.1 என்று 1. நான்கு கனெக்டர் (சொருகு முனை), ஒவ்வொன்றும் 0.5 என்று 2. கூட்டினால் 23.85. பின்னாளில் கேபிள் அறுந்து ஒட்டுப்போட 3 டெசிபல் மிச்சம் வையுங்கள்: 26.85. ஓஎல்டி போர்ட்டில் போடும் பி பிளஸ் வகை ஒளிக்கருவி தாங்கும் இழப்பின் வரம்பு 28. தேறிவிட்டது. 1:64 ஆக்கினால் போர்ட் செலவு பாதியாகும் என்று யாராவது சொல்வார்கள். மூன்றரை டெசிபல் கூடி 30ஐத் தாண்டிவிடும், அப்போது 32 வரம்புள்ள சி பிளஸ் வாங்க வேண்டும்.

ஓஎல்டி அனுப்பும் ஒளியில் இந்த இழப்பைக் கழித்தால் கடைசி வீட்டு ஓஎன்டியில் சுமார் மைனஸ் 20 டிபிஎம் (வந்து சேரும் ஒளியின் வலிமை) காட்ட வேண்டும். மைனஸ் 25 காட்டினால் "வேலைதான் செய்கிறதே" என்று விட்டுவிடாதீர்கள். எங்கோ கேபிள் மடங்கியிருக்கிறது, அல்லது கனெக்டர் அழுக்கு. மைனஸ் 27 ஓஎன்டி வேலை செய்யும் விளிம்பு. மழை வெயில் மாறும்போது அங்கேதான் தொடர்பு வந்து வந்து போகும்.

முதன்மைக் கேபிளுக்கு ஜி.652.டி இழை, வீட்டுக்குள் நுழையும் கம்பிக்கு வளைவு தாங்கும் ஜி.657.ஏ2. பின்னது 7.5 மி.மீ. ஆரம்வரை தாங்கும், முன்னதை 30 மி.மீ.க்குக் கீழே வளைக்காதீர்கள். வீட்டு மூலையில் ஆணி அடித்துக் கம்பியை இறுக்குகிறவர்களுக்கு இது புரியாது, அதனால் வீட்டுக்கு ஏ2 தவிர வேறு வேண்டாம். முதன்மைக் கேபிளில் இழை எண்ணிக்கையில் சிக்கனம் பிடிக்காதீர்கள். 24 இழைக்கும் 48 இழைக்கும் உள்ள வித்தியாசம் பள்ளச் செலவின் முன் ஒன்றுமே இல்லை.

மண்ணுக்கடியில் வெறும் கேபிளைப் புதைக்காதீர்கள். முதலில் டக்ட் (கேபிள் போகும் குழாய்), பிறகு அதற்குள் காற்றழுத்தத்தில் கேபிளை ஊதுவது. டக்ட் போட்ட அன்றே, பள்ளத்தை மூடுவதற்கு முன், ஒரு பஞ்சுத் துண்டை ஊதிப் பாருங்கள். மறுமுனையில் ஈரமில்லாமல் வெளியே வந்தால் டக்ட் சரி. வராவிட்டால் எங்கோ நசுங்கியிருக்கிறது, அது அன்றைக்கே தெரிவதும் மூன்று மாதம் கழித்துத் தெரிவதும் ஒன்றல்ல. இரு முனையையும் அடைப்பான் வைத்து மூடுங்கள். திறந்து கிடக்கும் டக்டில் சேறும் எறும்பும் புகுந்துவிடும். டக்டுக்கு மேலே 30 செ.மீ. உயரத்தில் எச்சரிக்கை நாடா. கூடவே ஒரு செம்புக் கம்பி விடுங்கள். கண்ணாடி இழையை மேலிருந்து எந்தக் கருவியாலும் தேட முடியாது, அந்தக் கம்பியை வைத்துத்தான் தடத்தைக் கண்டுபிடிக்க முடியும். ஒவ்வொரு இணைப்புப் பெட்டியிலும் இருபுறமும் 15 மீட்டர் கேபிள் சுருட்டி வைத்தால் பிறகு அறுந்தபோது இழுத்து ஒட்ட நீளம் இருக்கும்.

இழை ஒட்டுவதை ஊரில் நான்கு பேராவது கற்றுக்கொள்ள வேண்டும். வேலை கடினமில்லை, பொறுமைதான் வேண்டும். முதலில் பாதுகாப்புக் குழலை இழையில் கோத்துவிடுங்கள். ஒட்டி முடித்தபின் கோக்க வழியில்லை, புதிதாகக் கற்பவர் எல்லோரும் ஒரு தடவையாவது மறப்பது இதுதான். பிறகு மேல்பூச்சை உரித்து, ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். சுத்தமான கண்ணாடியில் துணி கீச்சிடும். கிளீவர் என்ற இழை வெட்டும் கருவியில் வைத்து வெட்டும்போது முனை நேராக, ஒரு பாகைக்குள் வர வேண்டும். வெட்டியபின் எதிலும் படாமல் நேராக இழை ஒட்டும் இயந்திரத்தின் பள்ளத்தில் வையுங்கள். திரையில் இரு முனையும் பெரிதாகத் தெரியும். உதடு போல் துருத்தலோ பொடியோ தெரிந்தால் ஒட்டாமல் மறுபடி வெட்டுங்கள். வெட்டி எறியும் துணுக்கு கண்ணுக்குத் தெரியாது, தோலில் ஏறினால் எடுப்பது பெரும்பாடு. மூடியுள்ள டப்பா ஒன்றில் போடுங்கள். அந்த மேசையில் சாப்பிடக் கூடாது. ஒளி ஓடும் இழையின் முனையைக் கண்ணருகே கொண்டுபோகவே கூடாது, அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது.

கனெக்டரில் பச்சையும் நீலமும் உண்டு. பச்சை எட்டு பாகை சாய்வாகத் தேய்த்தது, நீலம் நேரானது. இரண்டையும் ஒன்றோடொன்று சொருகினால் உள்ளே போய்விடும், ஆனால் நடுவில் இடைவெளி நிற்கும். இழப்பு ஏறும், முனையும் கீறலாம். ஓஎல்டி, ஓஎன்டி போர்ட்டின் நிறத்தைப் பார்த்து வயர் வாங்குங்கள்.

மேட்டுக்காடு:

ஒளியிழை அண்ணா, ஐந்தொகை ஐயா, இருவருக்கும் நன்றி. ஒரு சந்தேகம். முதல் ஆண்டு அந்த 12 கி.மீ.ஐ வயர்லெஸ்ஸில் கடந்துவிட்டு, உறுப்பினர் கூடியதும் ஃபைபருக்கு மாறலாமா? கம்பத்தில் தொங்கவிடுவது பற்றியும் சொல்லுங்கள், சாலையோரம் மின்கம்பம் இருக்கிறது.

அலைவரிசை பதில்:

மாறலாம், பலர் அப்படித்தான் தொடங்குகிறார்கள். ஸ்பெயினின் கட்டலோனியாவில் 2004இல் தொடங்கிய கிஃபி.நெட் முதலில் வயர்லெஸ் வலையாகத்தான் வளர்ந்தது, ஃபைபர் பிறகு வந்தது. ஆனால் "எதிர்க் கோபுரம் கண்ணுக்குத் தெரிகிறது, போதும்" என்று நினைக்காதீர்கள். அலை நேர்கோட்டில் ஒரு நூல் போலப் போவதில்லை, நடுவில் பருத்த சுரைக்காய் போல இடம் கேட்கும். 5.8 ஜிகாஹெர்ட்ஸில் 12 கி.மீ.க்கு நடுப்புள்ளியில் அதன் ஆரம் 12.5 மீட்டர். அதில் 60 விழுக்காடு, அதாவது 7.5 மீட்டர், தடையின்றி இருக்க வேண்டும். பூமியின் வளைவுக்கு இன்னும் 2 மீட்டர். நடுவழியில் நிற்கும் மரத்தின் உச்சிக்கு மேல் சுமார் பத்து மீட்டர். அந்த மரம் வளரும் என்பதையும் சேர்த்துக் கோபுர உயரத்தை முடிவு செய்யுங்கள். இலை உதிர்ந்த காலத்தில் அளந்து, துளிர்த்தபின் இணைப்பு விழுந்துபோவது அடிக்கடி நடப்பது.

5.8இல் உரிமம் தேவையில்லாத நாடுகளில் செலவு குறைவு, ஆனால் அந்த அலைவரிசையில் வேறு யார் வந்தாலும் தடுக்க முடியாது. சில அலைத்தடங்களில் ரேடார் உணர்ந்தால் கருவி தானே விலக வேண்டும், அந்த நிமிடம் ஊர் முழுக்க இணைப்பு போகும். வயர்லெஸ்ஸிலேயே சில ஆண்டு ஓட்டப்போகிறீர்கள் என்றால் 11 ஜிகாஹெர்ட்ஸ் போன்ற உரிமம் பெற்ற அலைவரிசைக்கு விண்ணப்பியுங்கள். 60 ஜிகாஹெர்ட்ஸ் வேகமானதுதான், ஆனால் காற்றிலுள்ள ஆக்சிஜனே கி.மீ.க்கு சுமார் 15 டெசிபல் விழுங்கிவிடும், மழை இன்னும் விழுங்கும். ஒரு கி.மீ. தாண்டி அதை நம்பாதீர்கள். ஒற்றை வீடு ஒன்று ஓடைக்கு அப்பால் இருந்தால் அதற்கு நல்லது.

கம்பம் விஷயத்தில், மின்கம்ப உரிமையாளரின் எழுத்து அனுமதியும் வாடகையும் இல்லாமல் தொங்கவிடாதீர்கள். உலோகமே இல்லாத, தன் எடையைத் தானே தாங்கும் ஏடிஎஸ்எஸ் கேபிள்தான் அங்கே பொருந்தும். தொய்வைக் கேபிள் தயாரிப்பாளரின் அட்டவணைப்படி வையுங்கள். அழகாக இருக்கட்டும் என்று இறுக்கிக் கட்டினால் காற்றிலும் குளிரிலும் இழுவிசை ஏறி இழை அறும். தொங்கும் கேபிளை அணில் கடிக்கும், கிளை விழும், உயரமான வண்டி இழுத்துக்கொண்டு போகும். கட்டுவது விரைவு, பராமரிப்பது தொல்லை. என் கருத்தில் வயல் வழி கிடைக்கும் இடத்திலெல்லாம் மண்ணுக்கடியிலேயே போங்கள்.

இரவுப்பணி பதில்:

கட்டுவதைப் பற்றி எல்லோரும் சொல்லிவிட்டார்கள், நடத்துவதைப் பற்றிக் கொஞ்சம்.

வெளியிணைப்பு எவ்வளவு வாங்குவது? மாலை உச்ச நேரத்தில் ஒரு வீட்டுக்குச் சராசரி 3 முதல் 4 மெகாபிட் வைத்துத் திட்டமிடுங்கள். 200 வீட்டுக்கு 700 மெகாபிட், ஆக 1 ஜிகாபிட்டில் தொடங்கலாம். ஆனால் 10 ஜிகாபிட் போர்ட்டில் 1 ஜிகாபிட் என்று ஒப்பந்தம் போடுங்கள், பின்னால் கூட்டுவதற்கு ஒரு மின்னஞ்சல் போதும். பயன்பாட்டின் ஐந்து நிமிடச் சராசரி தொடர்ந்து ஒரு வாரம் 70 விழுக்காட்டைத் தொட்டால் கூட்டிவிடுங்கள்; உறுப்பினர் புகார் வரும்வரை காத்திருந்தால் நம்பிக்கை போய்விடும்.

ஐபிவி6 என்ற புதிய வகை இணைய முகவரியை முதல் நாளிலிருந்தே கொடுங்கள். பழைய வகையான ஐபிவி4 முகவரி போதாது, பகிர்ந்துதான் தர வேண்டும். ஒரு பொது முகவரியை 32 வீட்டுக்குப் பகிர்ந்தால் வீட்டுக்குச் சுமார் 2,000 போர்ட் (இங்கே இது சொருகும் வாயல்ல, தொடர்புகளைப் பிரித்தறியும் எண்) வரும், அது போதும். அதற்கு மேல் நெருக்கினால் வங்கித் தளங்களும் விளையாட்டுகளும் மக்கர் செய்யும். எந்த வீட்டுக்கு எந்த போர்ட் வரிசை என்று நிலையாக ஒதுக்கிவிட்டால், சட்டப்படி பதிவேடு கேட்கப்படும் நாடுகளில் பெரிய தரவுக் குவியலைச் சேமிக்க வேண்டியிருக்காது.

மின்சாரம். ஓஎல்டி, ரவுட்டர் சேர்ந்து 150 வாட் என்றால் எட்டு மணி நேரத்துக்கு 1.2 யூனிட். 48 வோல்ட்டில் அது 25 ஆம்பியர்-மணி. ஈய-அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது, ஆக 50. பழசாகும்போது குறையும் என்பதால் 100 ஆம்பியர்-மணி வாங்குங்கள். வருடம் ஒரு முறை மெயினை அணைத்து எத்தனை மணி நேரம் தாங்குகிறது என்று உண்மையிலேயே சோதியுங்கள். வீட்டிலுள்ள ஓஎன்டிக்கும் பேட்டரி இல்லாவிட்டால் மின்வெட்டில் இணையம் இருக்காது; அதை உறுப்பினர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், குறிப்பாக அவசர அழைப்புக்கு இணையத்தையே நம்பும் முதியவர்களிடம்.

தேய்மானத்தைச் சந்தாவிலேயே பிடித்து வையுங்கள். பேட்டரி மூன்று முதல் ஐந்து ஆண்டு, ஓஎன்டி ஐந்து முதல் ஏழு, ஓஎல்டி ஏழு முதல் பத்து. இழை இருபத்தைந்தைத் தாண்டும். இந்தப் பணத்தைத் தனிக் கணக்கில் போடாமல் "இந்த வருடம் லாபம் வந்தது, சந்தாவைக் குறைப்போம்" என்று பொதுக்குழு தீர்மானித்தால் ஏழாவது ஆண்டு கடன் வாங்கித்தான் ஓஎன்டி மாற்ற வேண்டிவரும்.

வரைபடம்தான் உங்கள் உண்மையான சொத்து. டக்ட் எங்கே போகிறது, எந்த ஆழம், எந்த இழை எந்த நிறக் குழாயில், எந்தப் பெட்டியில் எந்தப் போர்ட், இதைப் பள்ளம் மூடும் முன் ஜிபிஎஸ் புள்ளியும் புகைப்படமுமாகப் பதியுங்கள். கேபிள் அறுந்தால் ஓடிடிஆர் (இழைக்குள் ஒளி அனுப்பி அறுந்த இடத்தின் தூரத்தை அளக்கும் கருவி) "4,310 மீட்டரில்" என்று சொல்லும். அது இழை நீளம். சுருட்டி வைத்த 15 மீட்டர்களைக் கழிக்காமல் தோண்டினால் வேறு வயலில் நிற்பீர்கள். ஒவ்வொரு சுருளும் வரைபடத்தில் இருந்தால்தான் அந்தக் கழித்தல் முடியும். வரைபடமும் கடவுச்சொற்களும் குறைந்தது இரண்டு பேரிடம், இரண்டு இடத்தில்.

மேட்டுக்காடு:

மிகவும் பயன்பட்டது. அடுத்த வாரக் கூட்டத்துக்கு முன்பணப் படிவமும் வழியுரிமைத் தாளும் எழுதிக்கொண்டு போகிறேன். படிவத்தில் வீட்டு விவரம் எவ்வளவு கேட்பது?

ஐந்தொகை:

பெயர், எந்தக் குடியிருப்பு, சாலையிலிருந்து வீட்டுச் சுவருக்கு எத்தனை மீட்டர், கம்பி நுழைய வேண்டிய சுவர், அவர் நிலத்தின் வழியே டக்ட் போகலாமா. கடைசிக் கேள்விக்கு ஆம் என்பவர்களை வரைபடத்தில் வண்ணம் தீட்டுங்கள். வண்ணம் விட்டுப்போன இடங்களில்தான் நீங்கள் நேரில் போய்ப் பேச வேண்டும்.